ஜூன் மாதத்துக்கு எடுத்த அளவு

வெர்னா டீயோவின் கண்ணுக்குப் பயந்தே எங்கள் முகாமில் பாதிப் பேர் ஒழுங்காக இருந்தார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் சாம்ப்ளேன் ஏரிக்கரையில் இருக்கும் பழைய கோட்டைக்குள் கூடாரம் அடித்து, வெள்ளி முதல் ஞாயிறு வரை அமெரிக்கச் சுதந்திரப் போர் நடந்த ஆயிரத்து எழுநூற்று எழுபத்தேழாம் வருஷத்தில், அந்தக் காலத்து உடையோடு வாழ்ந்துவிட்டு, திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்குப் போகிற கூட்டம் நாங்கள். ஆண்கள் துப்பாக்கி தூக்குவார்கள். பெண்கள் சமைப்பார்கள், துவைப்பார்கள், வெயிலில் உட்கார்ந்து தைப்பார்கள். வேடிக்கை பார்க்க வரும் ஜனங்கள் எங்களைக் கிறுக்கர்கள் என்று நினைத்தார்கள். அதில் தப்பொன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கோட்டை வாசலில் வெர்னா நிற்பாள். கைக்கடிகாரம், நகப்பூச்சு, பிளாஸ்டிக் பொத்தான் எல்லாம் அவளிடம் மாட்டிக்கொள்ளும். அதோடு விட்டால் பரவாயில்லை. குனிந்து பாவாடையின் கரையைத் திருப்பி உள்பக்கத் தையலைப் பார்ப்பாள். மெஷின் தையல் கண்ணில் பட்டால் அவ்வளவுதான், வந்த வழியே திரும்ப வேண்டும். ஒரு தடவை நாலு மணி நேரம் கார் ஓட்டி வந்த ஒரு பெண், மார்புக் கச்சில் இந்தக் காலத்து ஊக்கு ஒன்று குத்தியிருந்ததற்காகத் திருப்பி அனுப்பப்பட்டு, வாசலிலேயே நின்று அழுதாள். வெர்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

"உள்ள இருக்கறத எவன் பாக்கப்போறான், வெர்னா?" என்று கேட்காத ஆள் கிடையாது.

"நான் பாக்கறேன்ல?" என்பாள்.

முதுகுக்குப் பின்னால் அவளுக்கு நூல் போலீஸ் என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

வயிற்றுப்பாட்டுக்கு அவள் செய்த வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். படகுகளுக்குக் கான்வாஸ் உறை தைக்கும் பட்டறையில், நாளெல்லாம் தடதடவென்று ஓடும் பெரிய மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மெஷின் என்ற பேச்சே கிடையாது. நூலைத் தேன்மெழுகில் இழுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய மாதிரி உள்ளாடைகளைக் கையால் தைப்பாள். கவுன் தைக்க எங்கள் கூட்டத்தில் பலர் உண்டு. உள்ளே போடுகிற உள்ளங்கி, மார்பிலிருந்து இடுப்புவரை இறுக்கிப் பிடிக்கும் கச்சு, பாவாடையை விரித்து நிறுத்தும் இடுப்புத் திண்டு என்றால் வெர்னாவிடம்தான் போக வேண்டும். வெளியே பகட்டாகத் தெரிகிற கவுன் தானாக நிற்பதில்லை. உள்ளே இருக்கிற கச்சுதான் அதை நிறுத்துகிறது. அதனால் கச்சை முதலில் தைத்து, உடம்பில் இறுக்கிக் கட்டி, அதற்கு மேல்தான் கவுனுக்குத் துணியே வெட்டுவார்கள். கச்சு தப்பினால் எல்லாம் தப்பு.

முகாமுக்கு அவளைக் கூட்டி வந்தவன் புருஷன் ஹாலிஸ். அவனுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. ஒரு குளிர்காலத்துக்குள் ஆள் பாதியாகி, பிறகு பாதியில் பாதியானான். அவள் பார்த்துப் பார்த்துத் தைத்த சிவப்புக் கோட்டு கடைசியில் சோளக்கொல்லைப் பொம்மைக்கு மாட்டியதுபோல் அவன்மேல் தொங்கியது. கல்யாண மோதிரம் பாத்திரம் கழுவும் தொட்டியில் கழன்று விழுந்து, அவளே குழாயைக் கழற்றி எடுத்தாள். அந்த நோய் ஆளைக் கரைக்கும் என்பது அன்றிலிருந்து வெர்னாவுக்குத் தெரியும். கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல, கிட்டத்தில் இருந்து பார்த்தது.

இனி கொலீன். கொலீன் லஃபௌன்டன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். பருத்த உடம்பு, பெரிய குரல். அவள் சிரித்தால் பக்கத்துக் கூடாரத்தில் தூங்குகிறவன் எழுந்துகொள்வான். இருபது வருஷமாக முகாமில் அவளுக்குச் சலவைக்காரி வேஷம். முரட்டு லினன் சட்டையும் அழுக்குப் பாவாடையுமாக, கொதிக்கிற கொப்பரையில் கையை விட்டு, சாம்பல் சோப்பில் விரலெல்லாம் வெடித்து நிற்பாள். ஒரு வருஷமாவது நான் சீமாட்டியாக வருவேன், பட்டு கவுன் போட்டு, குடை பிடித்து, உங்கள் முன்னால் ஒய்யாரமாக நடப்பேன் என்று வருஷா வருஷம் சொல்வாள். அதற்காகத் தேன் நிறத்தில் பட்டு வாங்கி, பெட்டியில் மடித்து வைத்திருந்தாள். வெர்னாவுக்கு இந்த உலகத்தில் சிநேகிதி என்று சொல்ல அவள் ஒருத்திதான்.

ஹாலிஸ் போன பிறகு ஒரு ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனியை மிதித்துக்கொண்டு, பட்டுத் துணியைக் கையில் ஏந்தியபடி கொலீன் வெர்னாவின் சமையலறைக்குள் வந்தாள்.

"எனக்கு வயித்துல வந்திருக்குடி," என்றாள். "சினைப்பையில ஆரம்பிச்சு எங்கெல்லாமோ போயிருக்காம். டாக்டர் வாயத் தொறந்து நாள் சொல்லல. அவரு மூஞ்சியே சொல்லிடுச்சு."

வெர்னா அடுப்பை அணைத்தாள்.

"ஒப்பாரி வைக்காத. அதுக்கு வரல நான். இந்த ஜூன்ல நான் சீமாட்டி. நீ தைக்கற. அடியிலேர்ந்து மேல வரைக்கும். ஒரு தையல்கூட மெஷின்ல போகக் கூடாது. மத்தவங்கள எப்படிப் பாப்பியோ அப்படிப் பாத்துத்தான் என்னை உள்ள விடணும். சரியா?"

வெர்னாவுக்குக் கட்டிப்பிடிக்கத் தெரியாது. மேஜையைத் துடைத்துவிட்டுப் பட்டை விரித்து, வெளிச்சத்தில் தூக்கி, நெசவில் குறை இருக்கிறதா என்று பார்த்தாள்.

"ஓரத்துல ஒரு இழை விட்டிருக்கு," என்றாள்.

"இருந்துட்டுப் போகட்டும்டி. எனக்கும்தான் விட்டிருக்கு," என்று சொல்லிக் கொலீன் சிரித்தாள்.

உள்ளங்கிதான் முதல். அதற்கு அளவு என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். லினனின் முழு அகலத்தையும் ஒரு துண்டு வீணாகாமல் நீளமும் சதுரமும் முக்கோணமுமாக வெட்டிச் சேர்ப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். அக்குளில் ஒரு சதுரம் வைத்தால் கை தாராளமாகத் தூக்கலாம். கழுத்துக்குக் கீழே சிவப்பு நூலில் கொலீனின் பெயரெழுத்தைப் பின்னினாள். குண்டானாலும் ஒல்லியானாலும் உள்ளங்கி கோபித்துக்கொள்ளாது. கச்சு அப்படியல்ல.

பிப்ரவரியில் கச்சுக்கு அளவு எடுத்தாள். அதற்கும் வெர்னாவிடம் இஞ்ச் டேப் கிடையாது. பழைய காலத்துத் தையல்காரர்களைப்போல ஒரு நீளக் காகிதப் பட்டையை உடம்பைச் சுற்றிப் பிடித்து, மார்புக்கு ஒரு வெட்டு, இடுப்புக்கு ஒரு வெட்டு என்று கத்தரியால் ஓரத்தில் சிறு வெட்டுகள் போடுவாள். ஒரு ஆளுக்கு ஒரு பட்டை. தலைப்பில் பெயரை எழுதிச் சுவரில் ஆணியில் மாட்டி வைப்பாள். எங்கள் எல்லோருடைய பருமனும் அந்தச் சுவரில்தான் தொங்கியது. கொலீன் கையைத் தூக்கிக்கொண்டு, "கூச்சமா இருக்குடி, சனியனே," என்று நெளிந்தாள். வெர்னா வெட்டு போட்டாள்.

அன்றைக்குக் கொலீன் போன பிறகு வெர்னா முரட்டு லினனை மேஜையில் விரித்தாள். பட்டையை அதன்மேல் வைத்தாள். சாக்கட்டியால் கோடு போடப் போனவள், போடாமல் வெகு நேரம் நின்றாள்.

கச்சு தைத்து முடிக்க மூன்று மாதம் ஆகும். கச்சை விறைப்பாக நிறுத்தும் எலும்புக் குச்சிகள் இறங்குவதற்கு விரல் அகலத்துக்கும் குறைவாக வரிசை வரிசையாகத் தைக்க வேண்டும். திமிங்கில எலும்பு என்று அதற்குப் பெயர். அது எலும்பும் இல்லை, இப்போது திமிங்கிலமும் இல்லை. ஜெர்மனியிலிருந்து வரும் பிளாஸ்டிக் பட்டை. வெர்னா ஒப்புக்கொள்ளும் ஒரே பொய் அதுதான். தைத்து முடித்த கச்சைச் சட்டையைப்போலச் சுலபமாகப் பிடித்துச் சின்னதாக்க முடியாது. கச்சு பெரிதாகப் போய் உடம்பில் லொடலொடவென்று ஆடினால் அதற்கு மேல் கவுன் நிற்காது. கொலீன் போடப்போவது ஜூனில். ஜூனில் ஹாலிஸ் மாதிரி ஆகியிருந்தால்?

வெர்னா பட்டையை எடுத்து ஆணியில் மாட்டினாள். கண்ணளவில், இடுப்பில் நாலு விரலும் மார்பில் மூன்று விரலும் குறைத்துக் கோடு போட்டாள். வெட்டினாள். கொலீனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? வாயில் வருகிற வார்த்தையா அது?

மார்ச் மாதம் கொலீன் வந்தபோது பாதிக் கச்சு மேஜையில் கிடந்தது. வெர்னா காப்பி போடத் திரும்பினாள். கொலீனும் தைக்கத் தெரிந்தவள்தான். இருபது வருஷம் எங்களோடு உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பாதியை எடுத்துத் தன் விலாவில் வைத்துப் பார்த்தாள். முதுகு எலும்புவரை வர வேண்டியது இரண்டு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது.

"இது யாரோடதுடி?"

வெர்னா திரும்பவில்லை. "உன்னோடதுதான்."

"எனக்கு இவ்வளவுதானா?"

கொலீன் சுவரிலிருந்து தன் பெயர் போட்ட காகிதப் பட்டையை எடுத்துத் துணிமேல் வைத்தாள். வெட்டு ஓரிடத்தில் இருந்தது, துணி ஓரிடத்தில் முடிந்தது. இதற்கு மேல் யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

"ஜூன்லதானே போடப்போற," என்றாள் வெர்னா. "ஜூனுக்கு வெட்டினேன்."

"ஜூன்ல நான் எவ்வளவு இருப்பேன்னு உனக்கு யாருடி சொன்னா?"

"ஹாலிஸ்—"

"நான் ஹாலிஸ் இல்ல!" அந்தப் பெரிய குரல் ஜன்னல் கண்ணாடியில் மோதியது. "கச்சுக்குன்னு சொல்லிச் சவப்பெட்டிக்கு அளவு எடுத்திருக்கியேடி. டாக்டருக்குக்கூட இவ்வளவு தைரியம் வரல. நான் கையத் தூக்கிட்டு பொம்மை மாதிரி நின்னேன், நீ மனசுக்குள்ள என்னைச் சீவிக்கிட்டு இருந்திருக்க."

பட்டையை மேஜைமேல் எறிந்துவிட்டுப் போனாள். காப்பி ஆறிக்கிடந்தது.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். சாவும் வேறுதான். அடுத்தவள் சாவை நாம் முந்திப் போய்ப் பார்த்துவிட்டு வரக் கூடாது. இது வெர்னாவுக்குத் தெரியாமலில்லை. ஆனால் கை சொன்னதைக் கேட்டுவிட்டாள்.

மறுநாள் கொலீனின் புருஷன் ட்வேன் போன் செய்தான். அவன் மரம் அறுக்கிற ஆலையில் வேலை பார்த்தவன், அதிகம் பேசமாட்டான்.

"சொல்லிட்டுச் செஞ்சிருக்கக் கூடாதா, வெர்னா?"

"சொன்னா மட்டும் இனிக்குமா, ட்வேன்?"

"நிறுத்திடாத. தைச்சிட்டே இரு," என்று வைத்துவிட்டான்.

வெர்னா நிறுத்தவில்லை. குறைத்து வெட்டிய அளவிலேயே தைத்தாள். பிடிவாதம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பிடிவாதம்தான், ஆனால் தன் கணக்கு சரியாக இருக்கப் போகிறதே என்ற வேதனையோடு தைத்தாள். கான்வாஸ் தைத்துக் காய்த்துப்போன விரல்களிலும் ஊசியின் காது பதிந்து ரத்தம் கட்டியது.

ஏப்ரல் பிறந்ததும் ஒரு நாள் காலையில் போன் அடித்தது.

"ஆறு பான்கேக்," என்றது கொலீனின் குரல். ஹலோ கிடையாது, ஒன்றும் கிடையாது. "மேப்பிள் பாகு கால் போத்தல். பன்றி வறுவல் தனி. உன் கச்சு என் தொடைக்குக்கூடப் பத்தாது, பாத்துக்கோ." டக்கென்று வைத்துவிட்டாள்.

மறுநாளும் போன் அடித்தது. மான்கறிக் குழம்பும் உருளைக்கிழங்கும். அதற்கு மறுநாள் ஐஸ்கிரீம். சமாதானம் என்று பெயர் சொல்லாமலே சமாதானமாகிவிட்டது. வெர்னாவுடைய அளவை எதிர்த்துக் கொலீன் தின்றுகொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் போனில் கத்தினாள்:

"ஏறிட்டேன்டி! எடை ஏறியிருக்கு! பாவாடைப் பொத்தான் போட முடியல. ட்வேனோட பேன்ட்டை மாட்டிக்கிட்டு நிக்கறேன். என்னடி சொல்ற இப்ப, தீர்க்கதரிசி?"

வெர்னா நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். ஹாலிஸ் செத்தபோதுகூட அவள் அப்படிச் சத்தம் போட்டு அழவில்லை. தன் கணக்குத் தப்பானதில் அப்படி ஒரு சந்தோஷம். உடனே சின்னக் கத்தரியை எடுத்து, பக்கத்துத் தையல்களைப் பிரிக்க ஆரம்பித்தாள். மூன்று வாரம் தைத்ததைப் பாட்டுப் பாடிக்கொண்டு பிரித்தவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அந்தச் சனிக்கிழமை ஒரு பை நிறைய டோனட் வாங்கிக்கொண்டு கொலீன் வீட்டுக்குப் போனாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளைப்போலச் சர்க்கரை வாயோடு சாப்பிட்டார்கள். கொலீன் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள்.

"தொட்டுப் பாருடி. உன் நாலு விரலைத் திருப்பிக் குடுத்தாச்சு, வட்டியோட."

வெர்னா தொட்டாள். இத்தனை வருஷம் எத்தனையோ இடுப்புகளைப் பிடித்து இறுக்கியவள் அவள். சதை எப்படி இருக்கும், அழுத்தினால் எந்தப் பக்கம் போகும் என்று அவள் கைக்குத் தெரியும். இது சதை இல்லை. தோல் பளபளவென்று மத்தளம்போல் விறைத்திருந்தது. அண்ணாந்து பார்த்தாள். கொலீனின் கழுத்தெலும்புக்கு மேல் குழி விழுந்திருந்தது. சர்க்கரை ஒட்டிய மணிக்கட்டு குச்சியாக இருந்தது.

"நல்லா இருக்கு," என்றாள் வெர்னா.

அடுத்த வாரம் டாக்டர் சொல்லிவிட்டார். வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. குழாய் போட்டு ஒரு வாளி நீரை எடுத்தார்கள். அது மறுபடியும் ஊறும், மறுபடியும் எடுப்பார்கள்.

"கொழுப்பு இல்லடி. தண்ணியாம்," என்றாள் கொலீன் போனில். குரல் தாழ்ந்திருந்தது. பிறகு அவளே கேட்டாள்: "அப்ப அந்த டோனட்டெல்லாம் எங்கடி போச்சு?"

குதிரை கீழே தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்ததாம். மே மாதத்தில் கொலீனின் உடம்பு எந்தப் பட்டைக்கும் அடங்காததாகிவிட்டது. தோளும் மார்பும் வெர்னா வெட்டிய அளவைவிடச் சிறுத்தன. வயிறு, முதலில் எடுத்த அளவையும் தாண்டிப் போனது. திங்கட்கிழமை ஒரு அளவு, நீர் எடுத்த பிறகு வேறு அளவு. வெர்னா மூன்று தடவை பட்டை வெட்டி மூன்றையும் கசக்கிப் போட்டாள்.

அந்தக் காலத்திலும் பெண்களுக்கு வயிறு பெருத்துத்தானே இருந்தது, பிள்ளைத்தாச்சிகள் என்ன செய்தார்கள் என்று யோசித்தாள். பின்பக்கம் மட்டும் கட்டுவதை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் திறந்து நாடா கோத்தார்கள். அதையே செய்தாள். கச்சை விலாவில் இரண்டு பக்கமும் அறுத்து, ஓரம் மடித்து, குத்தூசியால் துளையிட்டு, ஒவ்வொரு துளையையும் நூலால் சுற்றிக் கண் தைத்தாள். வயிற்றில் படுகிற இடத்தில் எலும்புக் குச்சிகளை உருவிவிட்டுப் பழைய கம்பளியை வைத்தாள். மேலே தோள்பக்கம் பிடித்துச் சின்னதாக்கினாள். முடிந்தபோது அது யாருக்கும் சேராத ஒரு உருவமாக இருந்தது. கோணலும் மாணலுமான அந்தச் சாமானில் ஒரு தையல்கூடக் கோணல் இல்லை. அதற்கு மேல் கவுனை வெட்டினாள். கவுனுக்கு முன்பக்கம் குண்டூசிதான், அது அந்தக் காலத்திலும் உண்டு. வயிறு போகிற போக்குக்கு அதைத் தள்ளிக் குத்திக்கொள்ளலாம்.

ஜூன் வந்தது. ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கூத்தாடி, சனிக்கிழமை ஒரு நாளுக்குக் கொலீனை ட்வேன் அழைத்து வந்தான். படகுத் துறையிலிருந்து கூடாரம்வரை தூக்கிக்கொண்டே வந்தான். அவளைக் கட்டிலில் உட்கார வைத்தபோது வெர்னா அவளை முழுதாகப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, மஞ்சள் பூத்து, கை கால் வற்றி, நடுவில் வயிறு மட்டும் பானையாக.

வெர்னா முதல் நாளே தீர்மானித்து, ஒரு மெல்லிய பருத்திச் சட்டை வாங்கி வைத்திருந்தாள். கடைச் சட்டை. மெஷின் தையல், பின்னால் கம்பெனிச் சீட்டுகூட இருந்தது.

"இதப் போட்டுக்கோ, கொலீன். மேலாப்ல கவுனைக் குத்தி விட்டுடறேன். கச்செல்லாம் வேண்டாம். யாரும் பாக்க மாட்டாங்க."

கொலீன் அந்தச் சட்டையைப் பார்த்தாள். பிறகு வெர்னாவைப் பார்த்தாள்.

"யாரும் பாக்க மாட்டாங்களா? இதை நீயாடி சொல்ற?" மூச்சு வாங்கியது. "ஊக்கு குத்தினவள அழ விட்டு அனுப்பினவ நீ. எனக்கு மட்டும் எதுக்குச் சலுகை? நான் செத்துட்டேனா?"

"இல்ல, வலிக்குமேன்னு—"

"வலிக்கத்தான் வலிக்குது, சும்மா இருந்தாலும். ரெண்டு தடவை என்னைப் பொணமாக்கிட்ட. ஜனவரியில என்னடி சொன்னேன்? மத்தவங்கள மாதிரின்னு சொன்னேனா இல்லையா? கட்டு."

வெர்னா கடைச் சட்டையைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

முதலில் உள்ளங்கி. பிறகு காலுறையும் செருப்பும், ஏனென்றால் கச்சைக் கட்டிவிட்டால் குனிய முடியாது. பாதம் வீங்கியிருந்ததால் வாரைக் கடைசித் துளைவரை தளர்த்த வேண்டியிருந்தது. அப்புறம் கச்சு. வெர்னா மண்டியிட்டு, ஒரு பக்கம் நாடாவைக் கண் கண்ணாகக் கோத்து இழுத்தாள். கொலீன் கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். தளர்த்தினால், "ஏய், ஏமாத்தாத. நிக்கற மாதிரி இறுக்கு," என்றாள். இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குக் கச்சு திறந்தே நின்றது. அதற்கு மேல் எந்தப் பலத்தாலும் அதை மூட முடியாது. இடுப்புத் திண்டு, உள்பாவாடைகள், கடைசியில் தேன் நிறப் பட்டு. ட்வேன் வெளியே திரும்பி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

"ம்," என்றாள் கொலீன், எழுந்து நின்று. "இப்ப பாரு. ஒழுங்கா பாரு. தப்பிருந்தா திருப்பி அனுப்பு."

வெர்னா பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள், கழுத்துத் துணியைப் பார்த்தாள். குனிந்து கரையைத் திருப்பினாள், அவளே போட்ட தையல்தான். எழுந்திருக்கும்போது கண்ணில் பட்டது. கவுன் கையின் மடிப்புச் சுருக்கத்துக்குக் கீழே, மணிக்கட்டில், ஆஸ்பத்திரியில் மாட்டிய பிளாஸ்டிக் பட்டை. பெயரும் நம்பரும் அச்சடித்தது.

பார்க்காத மாதிரி இருந்துவிடலாம். நானாக இருந்தால் இருந்திருப்பேன். எங்களில் யாராக இருந்தாலும் இருந்திருப்போம்.

"கையில பிளாஸ்டிக் இருக்கு," என்றாள் வெர்னா. "இதோட வெளிய போக முடியாது."

"வெர்னா!" ட்வேன் உள்ளே வந்துவிட்டான். "உனக்கென்ன பைத்தியமா? மனுஷிதானே நீ?"

கொலீனின் முகம் மலர்ந்தது. அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வர இன்னும் இடம் இருந்தது என்பதையே யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். "பாத்தியா, ட்வேன்? பாத்தியா? அவ கண்ணுலேர்ந்து தப்புமா? நான் வேணும்னேதான் விட்டு வச்சேன். வெட்டுடி அதை!"

வெர்னா நூல் வெட்டுகிற கத்தரியால் வெட்டினாள். ட்வேன் அந்தப் பட்டையைக் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

வெளியே வந்தார்கள். ஒரு பக்கம் ட்வேன், ஒரு பக்கம் வெர்னா. துவைக்கிற இடம்வரைதான் போக முடிந்தது. கொப்பரைக்குப் பக்கத்தில் அவளோடு இருபது வருஷம் வேலை செய்த பெண்கள் கையில் சோப்பு நுரையோடு நிமிர்ந்தார்கள். மார்சி என்பவளுக்குத்தான் முதலில் வாய் வந்தது.

"அம்மணி, துணி ஏதாவது துவைக்கணுங்களா?"

"துவைக்கணும்," என்றாள் கொலீன், மூக்கைத் தூக்கிக்கொண்டு. "ஆனா நீங்கல்லாம் சரியா அலசறதில்லன்னு கேள்விப்பட்டேன்."

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு முடிவதற்குள் அவள் கால் மடங்கியது. ட்வேன் தாங்கிக்கொண்டான்.

கூடாரத்துக்குத் தூக்கி வந்தபோது முடிச்சுகள் இறுகிப்போயிருந்தன. வெர்னா நாடாவை வெட்டி, பட்டு கவுனையும் கச்சையும் கழற்றி, உள்ளங்கியோடு அவளைப் போர்வையில் சுற்றினாள். படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். வெர்னாவும் முகாம் உடையோடே போனாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் நர்ஸ் உள்ளங்கியைத் தூக்கியதும் திடுக்கிட்டுப் போனாள். நீர் கோத்த தோலில் எல்லாம் அப்படியே பதிந்திருந்தது. இரண்டு விலாவிலும் நாடா குறுக்கும் நெடுக்குமாக ஓடிய தடம், வட்ட வட்டமாக நாடா கோத்த கண்கள், மார்பின்மேல் வரிசை வரிசையாகத் தையல் கோடுகள். வெர்னாவின் மூன்று மாத வேலை முழுவதும் கன்றிச் சிவந்து கிடந்தது.

"யாரு இவங்கள இப்படிக் கயித்தால கட்டினது?" என்று நர்ஸ் ட்வேனைப் பார்த்துக் கத்தினாள். "உடம்பு இருக்கற நிலைமையில, யாரு பண்ணினது இதை?"

வாசலில் நின்ற வெர்னா உள்ளே ஓரடி எடுத்து வைத்தாள்.

"நான்தான் கட்டச் சொன்னேன்," என்றாள் கொலீன் கண்ணைத் திறக்காமல். "என் தையல்காரி அவ. நல்லா தைப்பா." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, கையைத் துழாவினாள். வெர்னா போய்ப் பிடித்துக்கொண்டாள். "அளவு சரியா இருந்துச்சுடி. கொஞ்சம்கூடப் பிசகல."

இரண்டு பக்கமும் ஒரு சாண் திறந்து நின்ற கச்சு அது. அப்படி ஒரு பொய்யோடு வாசலில் வந்து நின்றவர் யாரையும் வெர்னா உள்ளே விட்டதில்லை.

"ஆமா," என்றாள். "சரியா இருந்துச்சு."

நர்ஸ் புதிதாக ஒரு பிளாஸ்டிக் பட்டை கொண்டுவந்து அந்த மணிக்கட்டில் மாட்டினாள். செவ்வாய்க்கிழமை காலையில் கொலீன் இறந்துபோனாள்.